தோசையும் கூழும் இடம் மாறிக்கொண்ட கதை

1.
வீட்டுச் சாப்பாட்டுல உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது எது? சுத்தமா பிடிக்காதது எது?

புறநோயாளிப் பிரிவில் சர்க்கரை நோயாளிகளிடம் மாத்திரையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் நான் கேட்கிற கேள்வி இது. திருவண்ணாமலையில் பெரும்பாலும் வருகிற பதில் ஒன்றுதான். பிடிச்சது தோசை. பிடிக்காதது கூழு, களி.

2.
என் பட்டியலையும் சொல்லிடறேன். முருங்கைக்கீரையும் வெங்காயமும் போட்டுத் தட்டின கேவுரு அடைன்னா எனக்கு உயிர். ஓரம் மொறுமொறுன்னு, நடுவுல மெத்துன்னு, தொட்டுக்க வேர்க்கடலை சட்னி. கல்தோசையும் பிடிக்கும். ஹோட்டல்ல முழ நீளத்துக்கு வர்ற பேப்பர் ரோஸ்ட் பிடிக்காது. அதுல எண்ணெயைத் தவிர எதுவும் நாக்குல நிக்கறதில்ல. களி? குழம்பு நல்லா இருந்தா சாப்பிடுவேன். சுமாரா இருந்தா எழுந்துடுவேன்.

3.
இதெல்லாம் அவங்கவங்க நாக்கு சம்பந்தப்பட்ட விஷயம்னு நினைக்கிறோம். கொஞ்சம் பின்னால போய்ப் பார்த்தா இதுக்குள்ள பஞ்சம் இருக்கு, சாதி இருக்கு, ரேஷன் கடை இருக்கு, கிரைண்டரும் இருக்கு. ஒரு காலத்தில் தோசை இருந்த இடத்தில் இன்று கூழ் இருக்கிறது. கூழ் இருந்த இடத்தில் தோசை இருக்கிறது. எப்படி நடந்தது என்று பார்ப்போம். நீளமான இழைதான். டீ எடுத்துட்டு வந்து உட்காருங்க, சர்க்கரை கம்மியா.

4.
மாவைக் கரைத்துச் சூடான கல்லில் ஊற்றியோ தட்டியோ சுடும் பழக்கம் நம்மிடம் மிகப் பழையது. மதுரைக்காஞ்சியில் மதுரைக் கடைத்தெரு வருகிறது. அங்கே கூவியர் என்ற பலகாரக் காரர்கள் இருக்கிறார்கள். தேன்கூடு போலத் துளை துளையாக இருக்கும் மெல்லிய அடையும் மோதகமும் அங்கே கிடைக்கின்றன. அடை, மோதகம் என்ற சொற்கள் இன்றும் அப்படியே நம் சமையலறையில் இருக்கின்றன. இவ்வளவு காலம் உயிரோடு இருக்கும் பலகாரப் பெயர்கள் உலகத்திலேயே குறைவு.

5.
தோசை என்ற பெயர்? 12-ம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேஸ்வரன் எழுதிய மானசோல்லாசம் என்ற வடமொழி நூலில் 'தோசகம்' வருகிறது. 15, 16-ம் நூற்றாண்டுத் திருமலைக் கல்வெட்டுகளில் இட்டலிப்படி, தோசைப்படி, அதிரசப்படி என்று சாமிக்குப் படைக்க வேண்டியவை எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. மதுரைக்குப் பக்கத்தில் அழகர்கோயிலில் இன்றைக்கும் பிரசாதம் தோசைதான்.

6.
இதில் ஒரு விஷயத்தைக் கவனிங்க. தோசை கல்வெட்டில் ஏறுகிறது என்றால் அது விசேஷமான பண்டம் என்று அர்த்தம். அரிசி, உளுந்து, நெய் மூன்றும் அன்றைக்குப் பணம். நம்ம அண்ணாமலையார் கோயில் கல்வெட்டுகளிலும் சாமியின் அமுதுபடிக்கு நிலமும் நெல்லும் கொடுத்த தானங்கள் உண்டு. நெல் என்றால் சொத்து. அதை விளைவித்தவர் வீட்டு அடுப்பில் அன்றாடம் வெந்தது வேறு.

7.
திருவண்ணாமலைப் பக்கம் பெரிய ஆற்றுப்பாசனம் இல்லாத பூமி. ஏரித் தண்ணீர் பாய்ந்த இடத்தில் நெல். மீதியெல்லாம் மானாவாரி: கேழ்வரகு, கம்பு, சோளம், சாமை, வரகு. ஜவ்வாது மலையில் சாமை இன்றைக்கும் விளைகிறது.

1800-01-ல் சென்னையிலிருந்து கிளம்பி மைசூர்ச் சீமையெல்லாம் சுற்றிய பிரான்சிஸ் புக்கானன் ஒரு டாக்டர். அங்கே சாதாரண மக்களைத் தாங்கிப் பிடித்த தானியம் கேழ்வரகுதான் என்பதைப் பக்கம் பக்கமாக எழுதி வைத்தார். எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்த நம்ம ஊரிலும் காலையில் கூழ், ராத்திரி களி என்பதுதான் உழைக்கிற வீட்டு வழக்கம்.

8.
அப்போ தோசை? தீபாவளிக்கு, பொங்கலுக்கு, வீட்டுக்கு மாப்பிள்ளை வந்தால். உங்க வீட்டில் 70 வயது தாண்டியவர் இருந்தால் கேட்டுப் பாருங்க. "தீவாளிக்குத்தான் இட்லி, தோசையைக் கண்ணால பார்ப்போம்" என்பார்கள்.

அரிசி விலை ஒரு காரணம். இன்னொன்று உழைப்பு. ஊறவைத்து, ஆட்டுக்கல்லில் மணிக்கணக்கில் ஆட்டி, கரைத்து, பொங்க வைக்க வேண்டும். பகலெல்லாம் களையெடுத்துவிட்டு வந்த பெண்ணால் தினமும் ஆட்ட முடியுமா?

9.
அந்தக் காலத்துச் சமையலறை உழைப்புக்கு நம்ம ஊரிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. ரமண மகரிஷியின் அம்மா அழகம்மாள், மகனோடு மலையில் தங்கியிருந்த நாளில் அப்பளம் இட உதவிக்குக் கூப்பிட்டார். மகன் கைகொடுப்பதற்குப் பதிலாக ஒரு பாட்டு எழுதிக் கொடுத்தார். அதுதான் 'அப்பளப் பாட்டு'.

ஞானப் பாட்டுதான். ஆனால் உளுந்து, பிரண்டைச் சாறு, சீரகம், மிளகு, உப்பு, பெருங்காயம் என்று சாமானெல்லாம் வரிசையாக வரும். உலக்கையால் இடிப்பதும், உருட்டி இடுவதும், நெய்யில் பொரிப்பதும் வரும். ஒரு அப்பளத்துக்கே இவ்வளவு இடி என்றால் பத்துப் பேர் வீட்டுத் தோசைக்கு எவ்வளவு ஆட்டு என்று யோசிங்க.

10.
அடுத்து பஞ்சம். 1876-78 தாது வருடப் பஞ்சம். சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானவர்கள் செத்தார்கள். கடுமையாக அடிபட்ட பகுதிகளில் வட ஆற்காடும் ஒன்று. நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்குக் கொடுக்கும் தானியத்தை ஒரு நாளைக்கு ஒரு பவுண்டாக, அதாவது சுமார் 450 கிராமாகக் குறைக்கச் சொன்னார் இந்திய அரசு அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள். கல் உடைக்கிற, மண் சுமக்கிற ஆளுக்கு அவ்வளவுதான்.

11.
அதை எதிர்த்தவர் ஒரு டாக்டர். மாகாணத்தின் சுகாதார ஆணையர் வில்லியம் ராபர்ட் கார்னிஷ். இந்த அளவில் உடம்பு தேயும், உழைக்கிறவனுக்கு ஒன்றரை பவுண்டாவது வேண்டும், வெறும் தானியம் போதாது, பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று வாதாடினார். 1877-லேயே அளவு ஓரளவு கூட்டப்பட்டது. அதற்குள் எத்தனையோ பேர் போய்விட்டார்கள்.

தட்டில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது டாக்டர் வேலையா என்று யாராவது கேட்டால் எனக்கு கார்னிஷ் ஞாபகம்தான் வரும்.

12.
பஞ்சம் முடிந்தாலும் பஞ்ச பயம் போவதில்லை. கூழ் என்றால் இல்லாமை. வெள்ளைச் சோறு என்றால் நாலு பேர் எதிரே நிமிர்ந்து உட்காரலாம். "அவங்க வீட்ல மூணு வேளையும் நெல்லுச் சோறு" என்பது அன்றைக்குப் பெண் கொடுக்கிற வீட்டார் சொன்ன பெருமை. இந்த மரியாதைக் கணக்கு புரியாமல் நம்ம மக்களின் சாப்பாட்டைப் பற்றி யாரும் பேச முடியாது. டாக்டரும்தான்.

13.
அரிசியின் இன்னொரு பக்கத்தையும் ஒரு டாக்டர்தான் நமக்கு அருகிலேயே கண்டுபிடித்தார். குன்னூரில் ராபர்ட் மெக்கரிசன். முதலில் பெரிபெரி நோயை ஆராய்ந்தார். மில்லில் தீட்டிய அரிசியையே நம்பி இருந்தால் தயமின் என்கிற வைட்டமின் பி1 குறைந்து வரும் நோய் அது.

பிறகு எலிகளுக்கு இந்தியாவின் பல பகுதிச் சாப்பாட்டைக் கொடுத்து வளர்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி சேர்ந்த சீக்கியர் உணவு தின்ற எலிகள் கொழுகொழு. தீட்டிய அரிசி அதிகம், பாலும் பருப்பும் கம்மி என்றிருந்த மதராஸ் சாப்பாட்டு எலிகள் கடைசி வரிசையில். அந்தக் குன்னூர் ஆய்வகம்தான் 1958-ல் ஹைதராபாத்துக்கு இடம் மாறி, இப்போது தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது.

14.
இனி ஹோட்டல். கோயிலிலும் வசதியான வீடுகளிலும் இருந்த தோசையை 20-ம் நூற்றாண்டில் தெருவுக்குக் கொண்டுவந்ததில் உடுப்பி ஹோட்டல்களுக்குப் பெரிய பங்கு உண்டு. மசாலா தோசை நகரத்துக்காரர்களின் நாகரிகமானது. ஆனால் அந்த வாசலிலும் சாதி நின்றது. சில ஹோட்டல்களில் பிராமணர்களுக்குத் தனி இடம். பெயர்ப்பலகையில் 'பிராமணாள்' என்ற சொல். 1957-ல் திருவல்லிக்கேணி முரளி கபேக்கு எதிரே பெரியாரின் கட்சிக்காரர்கள் நாள்தோறும் மறியல் செய்து சிறைக்குப் போனது அந்தச் சொல்லை எடுக்கச் சொல்லித்தான். தோசை எல்லோருக்கும் பொதுவானது தானாக நடக்கவில்லை.

15.
பிறகு அரிசி அரசியலுக்கு வந்தது. 1967 தேர்தலில் அண்ணா கொடுத்த வாக்குறுதி ரூபாய்க்கு மூன்று படி அரிசி. ஜெயித்த பிறகு சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி போட முடிந்தது. அந்த வாக்குறுதி எடுபட்டது ஏன்? ஊர் முழுக்க அரிசிக்கு ஏங்கிக் கிடந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் பசுமைப் புரட்சியின் புதிய நெல் ரகங்களும் பம்புசெட்டும் சேர்ந்து அந்த ஏக்கத்தைத் தீர்த்தன. கேழ்வரகு விளைந்த பல மேட்டு நிலங்கள் கிணற்றுத் தண்ணீரில் நெல்லுக்கும் கரும்புக்கும் மாறின.

16.
ஆட்டுக்கல் பிரச்சினைக்குக் கோயம்புத்தூர் பதில் சொன்னது. 1950-களில் அங்கே உருவான வெட் கிரைண்டர், மணிக்கணக்கு வேலையை ஸ்விட்ச் போடுகிற வேலையாக்கியது. கூடவே ஃப்ரிட்ஜும் வந்தது. ஒரு தடவை ஆட்டினால் நாலு நாளைக்கு மாவு. சமையலறையில் பெண்களின் தோள்வலியைக் குறைத்த கருவிகள் இவை. இதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

17.
இப்போ 2011-க்கு வாங்க. ஜூன் 1-ம் தேதி முதல் தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்காரர்களுக்கு ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைத்தது, மாதம் 20 கிலோ வரை. அதே ஆண்டு செப்டம்பர் 15 முதல் விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி.

அரிசியும் அரசு கொடுத்தது, ஆட்டுகிற கல்லையும் அரசு கொடுத்தது. தோசையைத் தீபாவளிப் பண்டமாக வைத்திருந்த இரண்டு தடைகளும் ஏழை வீட்டில்கூட ஒரே வருடத்தில் விழுந்தன.

18.
இதைக் கேலியாகச் சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பசியோடு படுத்த குழந்தை வயிறு நிறையத் தோசை தின்றுவிட்டுத் தூங்குகிறது என்றால் அது ஒரு சமூகத்தின் வெற்றி. இலவச அரிசியைக் கிண்டல் பண்ணுகிறவர்கள் தாது வருடப் பஞ்சத்தைப் பற்றி ஒரு பத்துப் பக்கம் படித்துவிட்டு வாங்க.

19.
ஆனால் இன்னொரு பக்கம் என்ன நடந்தது? கூழ் வீட்டை விட்டுக் கிளம்பி மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டது. ஆடி மாதம் ஞாயிற்றுக்கிழமை, கோயில் வாசலில் பெரிய அண்டா, முருங்கைக்கீரைப் பொரியல், கருவாட்டுக் குழம்பு. வருஷத்துக்கு ஒரு நாள் சொம்பு தூக்கிக்கொண்டு வரிசையில் நின்று, "அடடா என்ன ருசி!" என்று குடிக்கிறோம்.

சாமிக்குப் படைத்த தோசை தினசரிச் சாப்பாடு. தினசரிக் கூழ் சாமிக்குப் படையல். இதைத்தான் இடம் மாறிக்கொண்டது என்று சொன்னேன்.

20.
இதில் டாக்டருக்கு என்ன கவலை? விசேஷப் பண்டம் தினசரி ஆகிவிட்டது. தினசரி உழைப்பு காணாமல் போய்விட்டது. காலை தோசை, மதியம் சோறு, ராத்திரி மறுபடி தோசை. மூன்று வேளையும் அரிசிதான், வடிவம் மட்டும் வேறு. நைசாக அரைத்த அரிசி மாவுச்சத்து சீக்கிரம் சர்க்கரையாகி ரத்தத்தில் ஏறும். ஏர் ஓட்டின தசைகள் அதை இழுத்துக்கொண்டன. பைக் ஓட்டுகிற தசைகள் அவ்வளவு இழுப்பதில்லை. 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின் கணக்குப்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய்.

21.
சுலபமான வழி ஒன்று உண்டு. "பாட்டிம்மா, தோசையை நிறுத்துங்க, கூழ் குடிங்க" என்று சீட்டில் எழுதிவிடலாம். ஒரு முறை ஒரு பாட்டி எனக்குச் சொன்ன பதில் இது:

"தம்பி, சின்ன வயசுல வேற வழியில்லாம கூழு குடிச்சேன். அந்த ஏழ்மையைத் தாண்டி என் புள்ளைங்களுக்குத் தோசை சுட்டுப் போட்டேன். இப்போ மறுபடி கூழு குடின்னா, நான் என்னா தப்பு பண்ணேன்?"

சர்க்கரை அளவைக் குறைக்க மாத்திரை இருக்கிறது. இந்தக் கேள்விக்கு மாத்திரை கிடையாது.

22.
அந்தப் பாட்டிக்குக் கூழ் பிடிக்காது என்பது நாக்கு விஷயமே இல்லை. அது அவர் கடந்து வந்த தூரம். அதைத் திருப்பிக் கொடு என்று நாம் கேட்கிறோம். அதனால்தான் நம்ம டயட் சீட்டுகள் பல வீடுகளில் சாமி படத்துக்குப் பின்னால் மடித்துச் செருகப்பட்டுக் கிடக்கின்றன.

அப்புறம் அவரிடமே கேட்டேன்: "கூழு வேணாம். அந்தக் காலத்துல ஆசையா சாப்பிட்டது எதுவும் இல்லையா?" முகம் மாறிவிட்டது. "முருங்கக்கீர போட்ட கேவுரு அட தம்பி. மழ பேஞ்சா எங்கம்மா தட்டும்." சீட்டில் அதைத்தான் எழுதினேன்.

23.
ஒரு எச்சரிக்கையும் சொல்லணும். சிறுதானியம் என்று போட்டுவிட்டாலே சர்க்கரை ஏறாது என்று நினைக்காதீங்க. கேழ்வரகை மாவாக்கி, நீர்க்கக் கரைத்துக் கஞ்சியாகக் குடித்தால் அதுவும் வேகமாக ஏறும். அதிலும் வெல்லம் போட்டால் கேட்கவே வேண்டாம்.

கேழ்வரகின் நிஜமான பலம் வேறு. 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து. தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம்கூடத் தேறாது. நார்ச்சத்தும் அதிகம். அடையாகத் தட்டி, கீரையும் வேர்க்கடலையும் சேர்த்து, மென்று சாப்பிடும்போதுதான் அது உடம்புக்கு நிதானமாகச் சேரும்.

24.
நம்ம ஊரில் செங்கம் ரோட்டுப் பக்கம் வெளிநாட்டுக்காரர்கள் சாப்பிடும் கடைகளில் பேன்கேக் பார்த்திருப்பீங்க. மைதா, முட்டை, பால் கலந்து ஊற்றுகிற வெள்ளைக்காரர் தோசை. அவர்களிடமும் இதே கதை உண்டு. பிரான்சில் பிரிட்டனி என்று ஒரு பகுதி. அங்கே ஏழை மண்ணில் விளைகிற பக்வீட் மாவில் சுடுவது காலெட். அது ஏழைச் சாப்பாடு. வெள்ளைக் கோதுமை மாவில் சுடுவது கிரேப். அது வசதியின் அடையாளம். இன்றைக்கு பிரிட்டனிக்காரர்கள் பெருமையோடு விருந்தினருக்கு முதலில் வைப்பது அந்தக் காலெட்தான். ஏழ்மையின் சாப்பாடு என்று ஒதுக்கியதை, எங்க ஊர்ச் சாப்பாடு என்று மேஜை நடுவில் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள்.

25.
நாமும் வைக்கலாம். 2023 சர்வதேசச் சிறுதானிய ஆண்டு. அந்த ஆண்டில் நீலகிரி, தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்தது அரசு. அரிசியை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்த அதே கடை. நம்ம ஊர் மலையில் விளையும் சாமையும் ஒரு நாள் அந்தத் தராசில் ஏறணும் என்பது என் ஆசை.

26.
சரி, நாளைக்குக் காலையில் என்ன செய்யலாம்?

தோசையை விட வேண்டாம். வாரத்தில் சில நாள், இரண்டோடு நிறுத்தி, கூடவே சாம்பாரைக் கிண்ணம் நிறைய வையுங்க.
மற்ற நாளில் அடை. அரிசி ஒரு பங்கு என்றால் கடலைப்பருப்பு, துவரம்பருப்பு, உளுந்து மூன்றும் சேர்ந்து ஒரு பங்குக்குக் குறையாமல். கொரகொரவென்று அரைத்தால் போதும், புளிக்க வைக்க வேண்டாம்.
வாரம் இரண்டு நாள் கேவுரு அடை, கை நிறையக் கீரையோடு.
தோசையோ அடையோ, சாப்பிட்டதும் ஒரு பதினைந்து நிமிஷம் நடை.

சிறுநீரகப் பிரச்சினை இருப்பவர்கள் பருப்பின் அளவை உங்கள் டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்க. அடை சாப்பிடுகிறோம் என்று மாத்திரையையோ இன்சுலினையோ நீங்களாக நிறுத்தக் கூடாது.

27.
வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இந்த வாரம் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்று மட்டும் கேளுங்க: சின்ன வயசில் ஆசைப்பட்டுச் சாப்பிட்ட பலகாரம் எது, எப்படிச் செய்வார்கள்? எழுதி வைத்துக்கொள்ளுங்க. முடிந்தால் இங்கேயும் ஊர்ப் பெயரோடு போடுங்க. அடுத்த முறை யாருக்காவது சாப்பாட்டுச் சீட்டு எழுதும்போது எனக்கு உதவும். கைப்பக்குவத்தை எழுதி வைக்காமலே போய்விட்ட அம்மாக்கள் நம்ம ஊரில் ஏராளம்.

தோசை மாவு எல்லோர் வீட்டு ஃப்ரிட்ஜிலும் இருக்கும், அது எங்கேயும் ஓடிப் போகாது. நாளைக்கு அடைக்கு ஊறப் போடுங்க.